பழைய இன்டெக்ஸை யார் அழிப்பது: கியூரேட்டரா, லாம்டாவா, ஐஎஸ்எம்மா?

லாக் (புரோகிராம்கள் எழுதும் பதிவுகள்) எல்லாவற்றையும் எலாஸ்டிக்சர்ச், ஓப்பன்சர்ச் மாதிரித் தேடல் மென்பொருளில் கொட்டி வைக்கிற எந்த டீமுக்கும் இந்தக் கேள்வி ஒரு நாள் வந்தே தீரும். நாளுக்கு ஒரு இன்டெக்ஸ், அதாவது அந்த நாளின் லாக் கிடக்கும் தொகுப்பு, பெயரின் வாலில் தேதி. முதல் மாதம் எல்லாம் அழகாக ஓடும். மூன்றாம் மாதம் டிஸ்க் எண்பது சதவீதத்தைத் தொடும்போதுதான், இதையெல்லாம் யார் அழிப்பது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். அழிப்பதற்கு வழிகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் மூன்றை நான் வேறு வேறு இடங்களில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். எழுதுவதும் முக்கியமாக அந்த மூன்றைப் பற்றித்தான். அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸில், அமேசான் ஓப்பன்சர்ச் சர்வீஸில் கிளஸ்டர் (சேர்ந்து வேலை செய்யும் சர்வர்களின் கூட்டம்) வைத்திருப்பவர்களை மனதில் வைத்துப் பேசுகிறேன். 2015இல் எலாஸ்டிக்சர்ச் பெயரில் வந்து 2021இல் பெயர் மாறிய அதே சர்வீஸ்தான்.

முதலில் ஒரு விஷயத்தைத் தள்ளி வைத்துவிடலாம். ஒரே பெரிய இன்டெக்ஸ் வைத்துக்கொண்டு, முப்பது நாளுக்கு முந்தைய டாக்குமென்ட்டுகளை மட்டும் டெலீட் பை குவெரி போட்டு அழிப்பதை இன்னும் சிலர் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது டாக்குமென்ட்டின் மேல் 'அழிக்கப்பட்டது' என்று குறி மட்டும்தான் வைக்கும். டேட்டா கிடக்கும் உள் துண்டுகளான செக்மென்ட்டுகள் மெர்ஜ் ஆகும் வரை இடம் திரும்பி வராது. அந்த மெர்ஜுக்கும் டிஸ்க் வேண்டும், சிபியு வேண்டும். முழு இன்டெக்ஸையே அழித்தால் அதன் ஃபைல்கள் அப்படியே போய்விடும். அதனால் தேதிவாரியாகப் பிரித்த இன்டெக்ஸ், பழையதை முழுசாக அழிப்பது, இதுதான் அடித்தளம். இனி சண்டை யார் அழிப்பது என்பதில் மட்டும்.

வயதில் மூத்தது கியூரேட்டர். பைத்தானில் எழுதிய கருவி, யாமல் ஃபைலில் ஆக்‌ஷனும் ஃபில்டரும் எழுதினால் போதும்: இந்தப் பெயரில் ஆரம்பிப்பவை, பெயரில் உள்ள தேதிப்படி முப்பது நாளைத் தாண்டியவை, அழி. படித்தாலே புரிகிற ஃபைல். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது டிரை ரன். எதை அழிக்கப் போகிறது என்ற பட்டியலை அச்சிட்டுக் காட்டிவிட்டு, எதையும் தொடாமல் நின்றுவிடும். ஒரு முறை ஆப்-லாக் என்று தொடங்கும் பெயர்களுக்கு முப்பது நாள் ஃபில்டர் எழுதி டிரை ரன் போட்டேன். வரிசையாகப் பெயர்கள் ஓடின. கண் சும்மா மேய்ந்துகொண்டிருந்தது. நடுவில் ஆப்-லாக்-ஆடிட் என்று ஒரு வரி, அப்புறம் இன்னொன்று, அப்புறம் வரிசையாக. ஆடிட் லாக்கும் அதே முன்னொட்டில்தான் ஆரம்பிக்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. டிரை ரன் இல்லாமல் ஓட்டியிருந்தால் அன்றைக்கே அவை போயிருக்கும்.

ஆனால் கியூரேட்டருக்கு ஓட ஓர் இடம் வேண்டும். குறித்த நேரத்துக்கு வேலையை எழுப்பும் கிரான் வேண்டும்: ஏடபிள்யூஎஸ்ஸில் வாடகைக்கு எடுத்த ஒரு ஈசி2 மெஷினின் கிரான்டேப், அல்லது கன்டெய்னர்களை ஓட்டும் குபர்னெட்டீஸில் கிரான்ஜாப். குபர்னெட்டீஸ் ஏற்கெனவே இருந்தால் சரி, இதற்கென்றே ஒரு மெஷினை வருடம் முழுக்க எழுப்பி வைப்பது வீண். அதைவிடப் பெரிய சிக்கல் 2021க்குப் பிறகு வந்தது. எலாஸ்டிக்சர்ச்சின் லைசென்ஸ் மாறி, ஓப்பன்சர்ச் தனிக்குடித்தனம் போனதும், எலாஸ்டிக் நிறுவனத்தின் பைத்தான் கிளையன்ட் (கிளஸ்டரோடு பேசும் லைப்ரரி) 7.14 பதிப்பிலிருந்து மறுமுனையில் இருப்பது நிஜமான எலாஸ்டிக்சர்ச்தானா என்று சோதிக்கிறது. இல்லையென்றால் பேசவே மறுக்கிறது. கியூரேட்டர் அந்தக் கிளையன்ட்டின் மேல்தான் நிற்கிறது. பழைய பதிப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், ஓடவும் செய்கிறது. ஆனாலும் புதிதாக ஓப்பன்சர்ச் கிளஸ்டர் கட்டுகிறவருக்கு நான் கியூரேட்டரைச் சொல்ல மாட்டேன்.

அடுத்தது லாம்டா, தனி மெஷின் இல்லாமல் கூப்பிடும்போது மட்டும் நம் கோடை ஓட்டும் ஏடபிள்யூஎஸ் சேவை. ஏடபிள்யூஎஸ்ஸின் டைமர் மாதிரியான ஈவென்ட்பிரிட்ஜில் ஒரு கிரான், அது தினமும் லாம்டாவை எழுப்பும், லாம்டா இன்டெக்ஸ் பட்டியலை வாங்கும், பெயரிலிருந்து தேதியைப் பிரிக்கும், பழையதை அழிக்கும். ஐம்பது அறுபது வரி பைத்தான். செலவு கிட்டத்தட்ட இல்லை. எழுதும்போது மூன்று இடங்களில் கால் இடறும், மூன்றிலும் எனக்கு இடறியிருக்கிறது.

ஒன்று, நேரம். ஈவென்ட்பிரிட்ஜ் ரூலில் கிரான் உலகப் பொது நேரமான யுடிசியில்தான் ஓடும். நம் நள்ளிரவு 1 மணிக்கு வேண்டுமென்றால் முந்தைய நாள் 19:30 என்று எழுத வேண்டும். 2022 இறுதியில் வந்த ஈவென்ட்பிரிட்ஜ் ஷெட்யூலரில் டைம்சோன் கொடுக்கலாம், புதிதாகச் செய்கிறவர்கள் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் லாக்கைத் திரட்டி அனுப்பும் லாக்ஸ்டாஷ் இன்டெக்ஸ் பெயரில் போடும் தேதியும் யுடிசிதான். அதாவது இன்டெக்ஸின் நாள் நமக்குக் காலை 5:30க்குத்தான் மாறுகிறது. நம் ஊர்த் தேதியை வைத்துக் கழித்தால் கணக்கில் ஒரு நாள் பிசகும்.

இரண்டு, அனுமதி. லாம்டாவின் ரோலுக்கு (அதன் அனுமதிகளைத் தாங்கும் அடையாளம்) டெலீட் உரிமை கொடுத்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டிலும் ஏடபிள்யூஎஸ் கையெழுத்து வேண்டும், ஃபைன் கிரெய்ன்டு ஆக்சஸ் (கிளஸ்டருக்குள்ளேயே தனி உரிமைக் கட்டுப்பாடு) போட்டிருந்தால் கிளஸ்டருக்குள்ளும் அந்த ரோலை மேப் செய்ய வேண்டும். மூன்று, கொஞ்சம் விசித்திரமானது. அழிக்க வேண்டிய பெயர்களையெல்லாம் கமா போட்டு ஒரே யுஆர்எல்லில் அனுப்பினால், தினம் ஒன்றிரண்டு பெயர் என்றால் பிரச்சினை இல்லை. ஆனால் இரண்டு மாதம் தேங்கிவிட்டால், பல சர்வீஸ்களின் பெயர்களும் சேர்ந்து அந்த வரி 4096 பைட்டைத் தாண்டும், சர்வர் ரிக்வெஸ்ட்டையே ஏற்காது. சரியாக அவசரத்தில் இருக்கும்போதுதான் இது கைவிடும். பத்துப் பத்தாகப் பிரித்து அனுப்புங்கள். கியூரேட்டர் இந்த வேலையைத் தானே செய்துகொள்ளும்.

இதெல்லாம் ஒரு தடவை சரிசெய்தால் தீர்ந்துவிடுகிற விஷயங்கள். லாம்டாவின் உண்மையான ஆபத்து, அது நின்றுபோனால் யாருக்கும் தெரியாது என்பது. நான் முன்பு இருந்த இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். லாம்டா ஒழுங்காக ஒரு வருடத்துக்கும் மேல் ஓடியது. யாரோ பாதுகாப்புக்காகக் கிளஸ்டரின் ஆக்சஸ் பாலிசியை இறுக்கினார்கள், நல்ல வேலைதான். அன்றிலிருந்து லாம்டாவுக்கு 403, அதாவது அனுமதி மறுப்பு. ஆனால் கோடில் எல்லா எரரையும் பிடித்து லாகில் ஒரு வரி எழுதிவிட்டு அமைதியாக முடியும்படி எழுதியிருந்தோம். ஏடபிள்யூஎஸ் கணக்கில் தினமும் வெற்றி, டாஷ்போர்டில் தினமும் பச்சை. மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மாலை, லாக் வரைபடத்தில் கோடு சட்டென்று தரையில் விழுந்தது. சர்வீஸ்கள் எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தன. லாக் மட்டும் வரவில்லை. இன்டெக்ஸ் பட்டியலைத் திறந்து உருவான தேதிப்படி அடுக்கிப் பார்த்தால், முப்பது நாள் இருக்க வேண்டிய இடத்தில் ஐம்பத்து மூன்று நாள் நிற்கிறது. ஒரு நோடில் (கிளஸ்டரின் ஒரு சர்வர்) காலி இடம் 20 சதவீதத்துக்கோ 20 ஜிபிக்கோ, இரண்டில் எது சிறியதோ அதற்குக் கீழே போனால் அமேசான் சர்வீஸில் எழுதுவது தடைபட ஆரம்பிக்கும். அதைத்தான் தொட்டிருந்தோம். அழிப்பதற்குத் தடை இல்லை என்பதால் கையால் அழித்து மீண்டோம். இடையில் வந்த லாக் போனது போனதுதான்.

இப்போது ஐஎஸ்எம், அதாவது இன்டெக்ஸ் ஸ்டேட் மேனேஜ்மென்ட். இது கிளஸ்டருக்கு உள்ளேயே இருக்கிறது. அமேசான் சர்வீஸில் எலாஸ்டிக்சர்ச் 6.8இலிருந்தும் ஓப்பன்சர்ச்சின் எல்லாப் பதிப்பிலும் கிடைக்கும். ஜேசானில் ஒரு பாலிசி: ஹாட் என்று ஒரு நிலை, முப்பது நாள் ஆனால் டெலீட் நிலைக்குப் போ, அங்கே போனதும் அழி. எந்தப் பெயர்களுக்கு என்பதையும் பாலிசிக்குள்ளேயே எழுதிவிடலாம், புதிதாகப் பிறக்கிற இன்டெக்ஸ் தானாக ஒட்டிக்கொள்ளும். வெளியே மெஷின் இல்லை, ரோல் இல்லை, கையெழுத்து இல்லை, கிரான் இல்லை. அந்தச் சனிக்கிழமை எங்களைக் கவிழ்த்த காரணம் எதுவும் இங்கே கிடையவே கிடையாது. இதற்காகவே நான் ஐஎஸ்எம் பக்கம்.

மேலே சொன்ன ஆப்-லாக், ஆப்-லாக்-ஆடிட் குழப்பத்திலும் ஐஎஸ்எம் ஒரு படி மேலே. இரண்டு பாலிசிகளின் பெயர் வடிவங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, இரண்டுக்கும் ஒரே முன்னுரிமை எண் கொடுத்திருந்தால், இரண்டாவதைச் சேமிக்கவே விடாது. ஆடிட்டுக்கு 100, பொதுவானதற்கு 50 என்று நீங்களே முடிவெடுத்தாக வேண்டும். இந்தியாவில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் கொடுத்த உத்தரவுப்படி லாக்குகளை 180 நாள் சுழற்சியில் இந்திய எல்லைக்குள் வைத்திருக்க வேண்டும். முப்பது நாளில் கிளஸ்டரிலிருந்து அழிப்பது தவறில்லை, ஆனால் அதற்கு முன் மும்பை ரீஜனில் ஒரு எஸ்3 பக்கெட்டில் (ஏடபிள்யூஎஸ்ஸின் சேமிப்பிடம்) ஸ்னாப்ஷாட், அதாவது காப்பு நகல், போயிருக்க வேண்டும். அமேசான் தானாக எடுக்கும் ஸ்னாப்ஷாட் மணிக்கு ஒன்று, 14 நாள் வரைதான் இருக்கும். தவறி அழித்ததை மீட்க அது போதும், 180 நாள் கணக்குக்கு உதவாது. அழிப்பதற்கு முந்தைய நிலையில் ஸ்னாப்ஷாட் ஆக்‌ஷனை ஐஎஸ்எம்மிலேயே வைக்கலாம். லாம்டாவில் இதைச் செய்தால் 15 நிமிட உச்சவரம்பு கழுத்தில் உட்கார்ந்திருக்கும். பெரிய ஸ்னாப்ஷாட் முடியக் காத்திருக்க முடியாது, ஒன்றைத் தொடங்கிவைத்து இன்னொன்றில் சரிபார்த்து என்று வேலை இரட்டிக்கும்.

குறை இல்லையா? இருக்கிறது, அதையும் தெரிந்துகொண்டே எடுங்கள். பாலிசி எழுதிய பிறகு பிறக்கிற இன்டெக்ஸுக்குத்தான் அது தானாக ஒட்டும். ஏற்கெனவே கிடக்கிற பழையவற்றுக்கு நீங்கள்தான் ஒரு தடவை ஒட்ட வேண்டும். இதை மறந்துவிட்டு 'பாலிசி போட்டும் டிஸ்க் குறையவில்லை' என்று தேடுகிறவர்கள்தான் அதிகம். அதே மாதிரி முப்பதை இருபதாகத் திருத்தினால் ஓடிக்கொண்டிருக்கும் இன்டெக்ஸ்கள் பழைய முப்பதிலேயே நிற்கும், சேஞ்ச் பாலிசி ஏபிஐயைத் தனியாகக் கூப்பிட வேண்டும். சொந்தமாக நிறுவிய ஓப்பன்சர்ச்சில் இந்த வேலை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்க்கும், அமேசானில் 30இலிருந்து 48 நிமிடத்துக்கு ஒரு முறை. அதனால் டெலீட் நடக்கவில்லையே என்று பத்து நிமிடத்தில் பதற வேண்டாம். கிளஸ்டர் சிவப்பில் (டேட்டாவின் ஒரு பகுதி கிடைக்காத நிலை) இருந்தால் ஐஎஸ்எம் ஓடவே ஓடாது. டிரை ரன்னும் கிடையாது. எனக்கு இது நிஜமான இழப்பாகவே தெரிகிறது; எக்ஸ்ப்ளெயின் ஏபிஐ ஒரு இன்டெக்ஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும், நாளை எவையெல்லாம் போகும் என்ற பட்டியலைத் தராது.

வயதை எண்ணும் விதமும் வேறு. ஐஎஸ்எம் பெயரில் உள்ள தேதியைப் பார்ப்பதில்லை, இன்டெக்ஸ் உருவான நாளிலிருந்துதான் எண்ணும். பழைய இன்டெக்ஸை மேப்பிங் (ஃபீல்டுகளின் வகை) சரிசெய்ய ரீஇன்டெக்ஸ் செய்தால், அதாவது புதிய இன்டெக்ஸுக்கு நகலெடுத்தால், இருபத்தைந்து நாள் பழைய டேட்டாவுக்குக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பெயர்த் தேதியைப் பார்க்கும் கியூரேட்டருக்கும் லாம்டாவுக்கும் இந்தக் குழப்பம் இல்லை. ஆனால் ரோல்ஓவர் பயன்படுத்தினால் நிலைமை தலைகீழ். இன்டெக்ஸ் 40 ஜிபி ஆனதும் அடுத்ததைத் திற என்று வைத்தால் பெயரின் வாலில் தேதி இருக்காது, 000001, 000002 என்றுதான் ஓடும். பெயரைப் பார்த்து அழிக்கிற ஸ்கிரிப்ட் அங்கே கைகட்டி நிற்கும்.

எலாஸ்டிக் நிறுவனத்தின் சொந்தச் சேவையான எலாஸ்டிக் கிளவுடில் இருக்கிறவர்களுக்கு இந்த அலசலே தேவையில்லை. அங்கே ஐஎல்எம் (இன்டெக்ஸ் லைஃப்சைக்கிள் மேனேஜ்மென்ட்) இருக்கிறது, 6.7 முதல் நிலைபெற்றது, அதையே எடுங்கள். ரோல்ஓவர் ஆன நேரத்திலிருந்து வயதை எண்ணும், டெலீட்டுக்கு முன் ஸ்னாப்ஷாட் முடியும் வரை காத்திருக்கச் சொல்லலாம். அமேசான் சர்வீஸில் ஐஎல்எம் கிடையாது, அங்கே படித்த வழிமுறையை இங்கே ஒட்ட முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அப்படியானால் லாம்டாவைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதா? நான் போடவில்லை. அழிக்கிற வேலையை அதனிடமிருந்து வாங்கி ஐஎஸ்எம்மிடம் கொடுத்தேன், கண்காணிக்கிற வேலையை லாம்டாவிடம் கொடுத்தேன். தினமும் காலை 8 மணிக்கு எழுந்து, ஒவ்வொரு பெயர் வரிசையிலும் இருப்பதிலேயே பழைய இன்டெக்ஸுக்கு எத்தனை நாள் வயது என்று எண்ணி, அந்த எண்ணை ஏடபிள்யூஎஸ்ஸின் கண்காணிப்புச் சேவையான கிளவுட்வாட்சில் ஒரு மெட்ரிக்காகப் போடும். முப்பது நாள் வைத்த இடத்தில் 32ஐத் தாண்டினால் அலாரம். ஐஎஸ்எம்மிலேயே எரர் நோட்டிஃபிகேஷன் உண்டுதான், ஆனால் பாலிசி ஒட்டிய இன்டெக்ஸ் தடுக்கினால்தான் அது சத்தம் போடும். பாலிசியே ஒட்டாமல் ஓரமாகக் கிடக்கிற இன்டெக்ஸைப் பற்றி அதற்குத் தெரியாது. இந்த லாம்டாவுக்குத் தெரியும், ஏனென்றால் அது எண்ணுவது மிச்சம் இருப்பவற்றை. எண்ணும் லாம்டாவே படுத்துவிட்டால்? அலாரத்தில் டேட்டா வராத நிலையையும் மீறலாக எடுத்துக்கொள் என்று ஒரு செட்டிங் இருக்கிறது, அதைப் போடுங்கள். அந்த லாம்டாவுக்குக் கிளஸ்டரில் எழுதுகிற உரிமையும் அழிக்கிற உரிமையும் கொடுக்காதீர்கள், படிக்கிற உரிமை மட்டும் போதும்.

மாற்றுகிறவர்களுக்கு நான் கடைப்பிடித்த வரிசை: முதலில் எண்ணும் லாம்டா, அலாரத்தோடு. இரண்டு நாள் எண் சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டு பாலிசி. பாலிசியைப் பழைய இன்டெக்ஸ்களுக்கு ஒட்டும்போது ஒரே அடியாக நட்சத்திரக் குறி போடாமல், அதிகம் வலிக்காத ஒரு சர்வீஸின் பெயர் வரிசையில் மட்டும். மறுநாள் காலை பட்டியலைத் திறந்து, போக வேண்டியது போய் இருக்க வேண்டியது இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு அடுத்தது. ஆடிட் லாக்கைக் கடைசியில்தான் தொட்டேன், அதுவும் மும்பை பக்கெட்டில் போன ஒரு ஸ்னாப்ஷாட்டைத் திறந்து, வேறு பெயரில் ஒரு இன்டெக்ஸை மீட்டு, உள்ளே தேடிப் பார்த்த பிறகு.