ரிட்டுக்சிமாபா, ஓபினுடுசுமாபா? ஒரே குறி, இரண்டு மருந்துகள்

நோய் எதிர்ப்புக்கான வெள்ளணுக்களில் ஒரு வகை பி செல்கள்; சில ரத்தப் புற்றுநோய்களில் கட்டுமீறிப் பெருகுவது இவைதான். இவற்றின் மேற்பரப்பில் சிடி20 என்றொரு புரதம் உண்டு. அதைப் பற்றிக்கொண்டு செல்லையே அழிக்கும் மோனோகுளோனல் ஆன்டிபாடிகளில் (ஒரே குறியைப் பற்றும்படி ஆய்வகத்தில் உருவாக்கிய எதிர்ப்புப் புரதங்களில்) மூத்தது ரிட்டுக்சிமாப். 1997 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இதுவே, புற்றுநோய் சிகிச்சைக்கென்று அங்கு அனுமதிக்கப்பட்ட முதல் மோனோகுளோனல் ஆன்டிபாடியும் ஆகும். அதே புரதத்தைக் குறிவைத்து ஓபினுடுசுமாப் வந்தது 2013 நவம்பரில். பிந்தி வந்த மருந்து முந்தியதைவிட மேலானதாகத்தான் இருக்கும் என்று எளிதில் நம்பிவிடுகிறோம். ஆனால் இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திய மூன்று பெரிய ஆய்வுகள் மூன்று விதமாக விடை சொல்லியிருப்பதால், எந்த நோய்க்கு என்பதை விட்டுவிட்டு எது மேல் என்று கேட்பதில் பயனில்லை.

வேறுபாடு பெயரிலேயே இருக்கிறது. ரிட்டுக்சிமாப் என்பதன் நடுவே வரும் 'க்சி', எலியின் பகுதியும் மனிதப் பகுதியும் கலந்த ஆன்டிபாடி என்பதற்கான அடையாளம். ஓபினுடுசுமாப்பில் உள்ள 'சு', பெரும்பகுதி மனித வடிவத்துக்கு மாற்றப்பட்டது என்பதைச் சொல்கிறது. இதைவிட முக்கியமான மாற்றம் ஆன்டிபாடியின் வால்பகுதியில் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலியில் செய்யப்பட்டது. அதில் ஃபியூகோஸ் என்ற சர்க்கரையைக் குறைத்ததால், நோய் எதிர்ப்பு செல்கள் ஓபினுடுசுமாப்பை இன்னும் இறுக்கமாகப் பிடித்து, இலக்கான செல்லைத் தாக்குகின்றன; அது நேரடியாகச் செல்லைச் சாகடிக்கும் திறனும் கூடுதல். ரிட்டுக்சிமாப்போ, ரத்தத்தில் உள்ள, நோய் எதிர்ப்புக்கு உதவும் காம்ப்ளிமென்ட் புரதங்களைத் தூண்டிவிட்டுச் செல்லை அழிப்பதில் வலுவானது.

இந்த வேறுபாடு மிகத் தெளிவாகப் பலன் தந்த நோய் சிஎல்எல் எனப்படும் நாள்பட்ட லிம்போசைட்டிக் ரத்தப் புற்றுநோய். வேறு உடல்நலக் குறைகளும் உள்ள, பெரும்பாலும் வயதான நோயாளிகளைச் சேர்த்து நடந்த சிஎல்எல்11 ஆய்வில், குளோராம்புசில் என்ற கீமோதெரபி மருந்துடன் ஓபினுடுசுமாப் பெற்றவர்களில் நோய் முன்னேறாமல் இருந்த இடைநிலைக் காலம் 26.7 மாதம், ரிட்டுக்சிமாப் பெற்றவர்களில் 15.2 மாதம். மெதுவாக வளரும் நிணநீர்ப் புற்றுநோயான ஃபாலிக்குலர் லிம்போமாவுக்கான கேலியம் ஆய்வில் இடைவெளி சுருங்கிவிட்டது: மூன்று ஆண்டுகளில் நோய் முன்னேறாமல் இருந்தவர்கள் ஓபினுடுசுமாப் குழுவில் 80 சதவீதம், ரிட்டுக்சிமாப் குழுவில் 73.3 சதவீதம். மொத்த உயிர்வாழ்வில் தெளிவான வேறுபாடு இல்லை, கடுமையான பக்கவிளைவுகள் புதிய மருந்தில் கூடுதல். வேகமாக வளரும் பெரிய பி செல் லிம்போமாவில் 1,418 பேரை வைத்து நடந்த கோயா ஆய்விலோ ஓபினுடுசுமாப் எந்த மேன்மையும் காட்டவில்லை. அங்கே ரிட்டுக்சிமாப்பின் இடம் அசையவில்லை. என் கணிப்பில், ஃபாலிக்குலர் லிம்போமா ஒன்றில்தான் மருத்துவரும் நோயாளியும் உட்கார்ந்து நிதானமாக எடைபோட வேண்டிய நிலை இருக்கிறது.

டிரிப் ஏறும் நாள் எப்படி இருக்கும் என்பதையும் அந்த எடையில் சேர்க்க வேண்டும். ரிட்டுக்சிமாப்பின் வழக்கமான அளவு உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 375 மி.கி.; 1.6 சதுர மீட்டர் உள்ளவருக்கு 600 மி.கி. முதல் முறை மணிக்கு 50 மி.கி. வேகத்தில் தொடங்கி, அரை மணிக்கு ஒரு தடவை 50 கூட்டிக்கொண்டே போனால், நடுவில் எதுவும் குறுக்கிடாதபோதும் ஏறத்தாழ மூன்றே கால் மணி நேரம் ஆகும். ஆனால் முதல் நாளில்தான் குளிர் நடுக்கம், காய்ச்சல், ரத்த அழுத்தம் இறங்குதல் எல்லாம் வரும். வந்தால் நர்ஸ் பம்பை நிறுத்திவிட்டு, அறிகுறிகள் அடங்கிய பிறகு பாதி வேகத்தில் மீண்டும் தொடங்குவார். அடுத்த முறை 100-இல் தொடங்கி நூறு நூறாகக் கூட்டலாம் என்பதால் இரண்டே கால் மணியில் முடிந்துவிடும்.

சிஎல்எல்லுக்கு ஓபினுடுசுமாப் தரும்போது முதல் 1,000 மி.கி.யை ஒரே மூச்சில் கொடுப்பதில்லை. முதல் நாள் 100 மி.கி. மட்டும், மணிக்கு 25 என்ற வேகத்தைக் கூட்டாமல், நான்கு மணி நேரம். மீதி 900 பெரும்பாலும் மறுநாள். இவ்வளவு தயக்கத்துக்குக் காரணம், ரத்தத்தில் குவிந்து கிடக்கும் பி செல்கள் ஒரே நேரத்தில் உடைந்து அழற்சிப் பொருள்களைக் கொட்டுவதுதான். சிஎல்எல்11-இல் கடுமையான டிரிப் எதிர்விளைவு ஓபினுடுசுமாப் குழுவில் சுமார் 20 சதவீதம், ரிட்டுக்சிமாப் குழுவில் 4 சதவீதம். முதல் டோஸைத் தாண்டிய பிறகு இது வெகுவாகக் குறைந்துவிடும்.

ரிட்டுக்சிமாப்புக்கு இன்னொரு வசதி உண்டு: தோலடி ஊசி. திசுக்களைத் தற்காலிகமாகத் தளர்த்தும் ஹயலூரோனிடேஸ் என்ற நொதியுடன் சேர்த்து, லிம்போமாவுக்கு 1,400 மி.கி.யை வயிற்றுத் தோலுக்கடியில் ஐந்து நிமிடத்தில் செலுத்திவிடலாம். ஐந்து நிமிடம் என்றதும் முதல் முறையே இதைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு முழு டோஸையாவது டிரிப் வழியாகத் தாங்கிக்கொண்டவருக்குத்தான் இது தரப்படும். ஊசி போட்ட இடம் சிவந்து வலிப்பது இதன் சில்லறைத் தொல்லை.

எந்த மருந்தானாலும் முதல் டோஸுக்கு முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனை கட்டாயம். பழைய தொற்று கல்லீரலில் அடங்கிக் கிடந்தால், பி செல்கள் காலியான நேரம் பார்த்து அது உயிரைப் பறிக்கும் அளவுக்குக் கிளம்பக்கூடும். டிரிப்பின்போது ரத்த அழுத்தம் இறங்கக்கூடும் என்பதால், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ரிட்டுக்சிமாப்பிலும் இது கவனிக்கப்படுகிறது; ஓபினுடுசுமாப்பில் டிரிப்புக்கு 12 மணி நேரம் முன்பிருந்து, டிரிப் முடிந்து ஒரு மணி நேரம் வரை அந்த மாத்திரையை நிறுத்திவைக்கலாமா என்பதை மருத்துவர் தீர்மானிப்பார்.