சிங்கப்பூர் – நியூயார்க்: ஒரே மூச்சில் பறப்பதா, பிராங்பர்ட்டில் இறங்கி ஏறுவதா?

உலக உருண்டை ஒன்றில் சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் வடதுருவத்தை ஒட்டிப் போகும். இரண்டு ஊர்களின் தீர்க்கரேகைகளும் ஏறக்குறைய எதிரெதிராக அமைந்திருப்பதால் வரும் விந்தை இது. அந்த நூலின் நீளம் சுமார் 15,350 கி.மீ. இணையத்தில் தேடினால் கிடைப்பதும் இந்த எண்தான். டிக்கெட் எடுக்கிறவர் இதை நம்பி நேரத்தைக் கணக்கிடக் கூடாது.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018 அக்டோபரில், நியூயார்க்கை ஒட்டிய நெவார்க்குக்கு நேரடிச் சேவையை மீண்டும் தொடங்கியது. அப்போது அது சொன்ன பறக்கும் தூரம் சுமார் 16,700 கி.மீ. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஏன் சுற்ற வேண்டும்? பசிபிக்கின் மேலே மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று வீசுகிறது. அதை முதுகில் வாங்கிக்கொண்டு போனால், நீண்ட வழியே சீக்கிரமான வழியாகிவிடுகிறது.

பிராங்பர்ட் வழிக்கு வருவோம். சிங்கப்பூரிலிருந்து பிராங்பர்ட் சுமார் 10,300, அங்கிருந்து நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையம் 6,200. ஆக மொத்தம் 16,500 கி.மீ. பசிபிக் வழியும் இதுவும் தூரத்தில் ஏறத்தாழ ஒன்றே! நேரமோ அப்படியில்லை. நேரடி விமானம் பதினெட்டு, பத்தொன்பது மணி நேரத்தில் இறக்கிவிடும். பிராங்பர்ட் வழியே இருபத்து மூன்றுக்குக் குறையாது. அட்லாண்டிக்கின் மேல் காற்று எதிரே வந்து மோதும். தரையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போய்விடும்.

நேரடி விமானம் ஏர்பஸ் ஏ350-900 யூ.எல்.ஆர். (மிக நீண்ட தூரம் பறப்பதற்கான வகை); 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். எடையைக் குறைக்க 161 இருக்கைகள்தான் வைத்திருக்கிறார்கள்: 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. கட்டணம் எப்படி இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பிராங்பர்ட் வழியில் எகானமி உண்டு.

பணத்தைவிடக் கால்களைப் பாருங்கள் என்பேன். அம்மாவை பிராங்பர்ட் வழியாகத்தான் அழைத்துப் போனேன். பிராங்பர்ட்டில் இறங்கும் நேரத்தில் அவருடைய பாதம் வீங்கி, செருப்பின் வார் சதையில் பதிந்திருந்தது. கைப்பையோடு இறங்கி மறுபடி பாதுகாப்புச் சோதனைக்கு நிற்க வேண்டுமே என்று எரிச்சல்பட்டவன் நான்தான். அவரோ அந்த நீண்ட நடைபாதையில் என் தோளைப் பிடித்தபடி மெல்ல நடந்தார். திரும்ப விமானம் ஏறும்போது வார் தளர்ந்திருந்தது. வயதானவர்களோடு போகிறவர்கள் கூடுதலாகும் அந்த ஐந்து மணி நேரத்தை யோசிக்காமல் கொடுக்கலாம்.

தனியாகப் போகிறவருக்கு நேரடி விமானமே மேல். ஒரே உறக்கம், ஒரே சோதனை, நடுவில் இணைப்பு தவறிவிடுமோ என்ற பயமில்லை. நடைபாதை ஓர இருக்கையை மட்டும் முதல் நாளிலேயே பிடித்துவிடுங்கள்.