பிளான்ட்நெட் செயலி: வன்னிக் காணிகளில் களை அறிய உதவுமா?

மண்ணைக் கிளறிவிட்டால் முதலில் தலைகாட்டுவது களைதான் என்பதை வன்னியில் காணி திருத்திய எவரும் அறிவர். கிளிநொச்சியிலும் மாங்குளத்திலும் வீதியோரங்கள், வாய்க்கால் கரைகள், வெறும் வளவுகள் எங்கும் வெள்ளைப் பூவுடன் நிற்கும் செடிகளுள் மூக்குத்திப் பூண்டு எது, பார்த்தீனியம் எது என்று பிரித்தறிவது அவசியம். ஏனெனில் முன்னது வெட்டுக்காயத்துக்கு இலைச்சாறு பிழிந்துவிடும் பூண்டு, பின்னது தோல் அழற்சியையும் மூச்சிழுப்பையும் தரக்கூடிய நச்சுக்களை. இலங்கையில் பார்த்தீனியம் 1999இல் முதலில் பதிவானதும் வவுனியாவிலேதான்.

பிரான்சின் பொது ஆராய்ச்சி நிறுவனங்கள் 2009இல் தொடங்கிய திட்டத்திலிருந்து பிறந்த பிளான்ட்நெட், செடியின் படத்தைக் கொண்டு அதன் பெயரை அறிய உதவும் இலவசக் கைப்பேசிச் செயலி. படத்தைக் கொடுத்து அது இலையா, பூவா, காயா என்று குறித்தால், பொருந்தக்கூடிய தாவரங்களை ஒப்பீட்டுப் படங்களுடன் வரிசைப்படுத்தித் தருகிறது. அதன் உண்மையான பலம் அந்த ஒப்பீட்டுப் படங்களே. முதலில் வரும் பெயரை மட்டும் பார்த்துவிட்டுக் கைப்பேசியை மூடுவோருக்கு இந்தச் செயலி பாதிப் பயனே தரும்.

மேலிருந்து பூவை மட்டும் எடுத்த படம் போதாது. மூக்குத்திப் பூண்டில் இலைகள் எதிரெதிராக, மயிர் அடர்ந்து, ஓரம் பெரிய பற்களாக வெட்டுண்டு இருக்கும்; தரையோடு படரும் தண்டிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு எழும் இலையற்ற காம்பின் நுனியில் ஒரே ஒரு பூ நிற்கும்; மஞ்சள் நடுவைச் சுற்றிய ஐந்து வெளிறிய இதழ்களின் நுனியும் மும்மூன்று பற்களாகப் பிளந்திருக்கும். பார்த்தீனியமோ நிமிர்ந்து கிளைத்து, கரட் இலைபோல் ஆழமாகப் பிளவுபட்ட இலைகளை மாறிமாறித் தாங்கி, மல்லி விதையளவு வெள்ளைப் பூக்களைக் கொத்துக் கொத்தாகத் தள்ளும். ஆகவே இலையின் அமைப்பு, பூக்காம்பு, பூ ஆகிய மூன்றையும் தனித்தனியே எடுத்துக் கொடுக்க வேண்டும்.

செடியின் தீங்கைப் பெயர் மட்டும் சொல்லிவிடாது. பார்த்தீனியம் என்று உறுதியானால் பூக்குமுன், கையுறை அணிந்து வேரோடு பிடுங்க வேண்டும். ஒரே செடி 15,000 விதைகளுக்கு மேல் உதிர்க்கக்கூடியது. ஐயம் நீங்காவிட்டால் படத்தை விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுவதே முறை. சிக்னல் கிடைக்காத உட்கிராமங்களில் படங்களை எடுத்து வைத்து, வீடு திரும்பியபின் செயலியில் ஏற்றலாம். காணி வைத்திருப்போர் இதைக் கைப்பேசியில் வைத்திருக்க வேண்டும் என்று மனதாரப் பரிந்துரைக்கிறேன்.