குர்குமின் தூள்: மார்பகப் புற்றுச் செல் ஆய்வுக்கு எந்த டப்பா வாங்கலாம்?

மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் என்று லேபிள் ஒட்டியிருந்தால் எல்லாம் ஒன்றாகிவிடாது. மலிவான தூளில் '65 சதவீதத்துக்கு மேல்' என்று மட்டும் இருக்கும். விலை கூடியதில் இரண்டு சதவீத எண்கள்: குர்குமினாய்டு (குர்குமினும் அதன் உறவுப் பொருள்களும்) 94, அதில் குர்குமின் 80. பார்க்க வேண்டியது இந்த 80ஐத்தான். 94இல் மீதி டிமெத்தாக்ஸி, பிஸ்டிமெத்தாக்ஸி எனும் உறவு வகைகள். அவையும் செல்லைத் தாக்கும். எம்சிஎஃப்-7 எனும் மார்பகப் புற்றுச் செல்லில் ஐசி50 (செல் வளர்ச்சியைப் பாதியாகக் குறைக்கும் மருந்தளவு) கணக்கிடுபவர்கள் மலிவுத் தூள் பக்கமே போக வேண்டாம். கை பழகும் மாணவர்களுக்கு அது தாராளமாகப் போதும்.

மூலக்கூறு எடை 368.4. 20 மில்லிமோலார் ஸ்டாக்குக்கு (அடர் கரைசலுக்கு) 1 மில்லி டிஎம்எஸ்ஓ கரைப்பானில் 7.37 மில்லிகிராம், 80 சதவீதத் தூள் என்றால் 9.2 மில்லிகிராம். பலரும் இந்தத் திருத்தத்தைச் செய்வதில்லை. சிறு குழாய்களில் பிரித்து, அலுமினியத் தாள் சுற்றி, மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். செல் வளரும் திரவமான மீடியத்தில் ஆயிரத்துக்கு ஒரு பங்கு விட்டால் 20 மைக்ரோமோலார், டிஎம்எஸ்ஓ 0.1 சதவீதம். மருந்து விடாத கன்ட்ரோல் குழிக்கும் அதே 0.1 சதவீத டிஎம்எஸ்ஓ போக வேண்டும்.

இந்தப் பொருளின் பெரிய குறை, நிலைக்காது. சீரம் (ரத்தத்தின் தெளிநீர்) இல்லாத பாஸ்பேட் பஃபரில், பிஎச் 7.2, 37 டிகிரியில் அரை மணி நேரத்துக்குள் சுமார் 90 சதவீதம் சிதைந்துவிடும். 10 சதவீத சீரம் உள்ள மீடியத்தில் பல மணி நேரம் தாங்கும். அதனால் சீரம் அளவை நடுவில் மாற்றினால் முந்தைய எண்களோடு ஒப்பிடவே முடியாது. அளவு கூடினால் மஞ்சள் துகளாகப் படியும்; மைக்ரோஸ்கோப்பில் ஒருமுறை பார்த்துவிட்டு எம்டிடி (உயிருள்ள செல்லை நிறத்தால் அளக்கும் சோதனை) போடுங்கள். செல் இல்லாத குழியில் மருந்து மட்டும் விட்டு அதன் நிறத்தையும் கழிக்க வேண்டும்.

குர்குமின் தானே பச்சையாக ஒளிரும். சாகும் செல்லில் ஒட்டும் அனெக்ஸினோடு பச்சைச் சாயம் சேர்த்த அனெக்ஸின்-எஃப்ஐடிசி கிட் வாங்கினால் உயிருள்ள செல்லும் சாகும் செல்போலத் தெரியும்; சிவப்புப் பக்கம் ஒளிரும் ஏபிசி (APC) சாயம் சேர்த்த அனெக்ஸின் வாங்குங்கள். செல் சாவை நடத்தும் நொதியான கேஸ்பேஸ்-3ஐக் காட்டும் ஆன்டிபாடிக்கும் எம்சிஎஃப்-7க்காகச் செலவு செய்ய வேண்டாம், அந்தச் செல்லில் கேஸ்பேஸ்-3 கிடையாது. கேஸ்பேஸ்-7 பாருங்கள், அல்லது எம்டிஏ-எம்பி-231 எனும் இன்னொரு மார்பகப் புற்றுச் செல்லுக்கு மாறுங்கள்.

தட்டில் 20 மைக்ரோமோலாரில் செல் செத்ததை வைத்து யாருக்கும் மாத்திரை சிபாரிசு செய்யாதீர்கள். தினம் 8 கிராம் விழுங்கியவர்களின் ரத்தத்திலேயே சராசரி உச்ச அளவு 2 மைக்ரோமோலாரைத் தொடவில்லை. மிளகுச் சத்தான பைப்பரின் சேர்த்த குர்குமின், மார்பகப் புற்று மருந்தான டாமாக்சிஃபென் எடுப்பவர்களின் ரத்தத்தில், அந்த மருந்து உடலில் மாறி வேலை செய்யும் வடிவமான எண்டாக்சிஃபென் அளவைக் குறைத்ததாக 2019இல் நெதர்லாந்து ஆய்வு காட்டியது.

வாங்கும்போது அந்த லாட்டின் ஹெச்பிஎல்சி (பொருள்களைப் பிரித்து அளக்கும் சோதனை) சான்றிதழைக் கேளுங்கள். மூன்று குர்குமினாய்டுகளின் சதவீதமும் தனித்தனியாக இல்லையென்றால் வேறு கடை பாருங்கள்.