நெல் வயலில் இனக்கவர்ச்சிப் பொறி: ஒரு சம்பாப் பருவம் பயன்படுத்திப் பார்த்த பிறகு

மன்னார்குடிப் பக்கம் ஆறு மாவில், அதாவது இரண்டு ஏக்கரில், சென்ற சம்பாவுக்கு சி.ஆர். 1009 ரக நெல் நட்டிருந்தேன். குருத்துப்பூச்சிக்காக ஏக்கருக்கு இரண்டு வீதம் நான்கு இனக்கவர்ச்சிப் பொறிகளை வாங்கி, நட்ட பதினைந்தாம் நாள் மூங்கில் கழிகளில் கட்டினேன்.

பொறியைவிட அதனுடன் வந்த துண்டுத்தாள்தான் எனக்குத் தொல்லை கொடுத்தது. அதில் அச்சிட்டிருந்தது பெண் அந்துப்பூச்சியின் படம்: வைக்கோல் மஞ்சள் நிறம், முன்சிறகு ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கரும்புள்ளி, வயிற்றின் நுனியில் மயிர்க்கற்றை. ஆனால் பொறியில் வைக்கும் மருந்து, பெண் பூச்சி ஆணை அழைக்க விடும் வாடையைச் செயற்கையாகச் செய்தது. அதைத் தேடி வருவது ஆண் மட்டுமே. ஆணோ உருவில் சிறியது, வெளிறிய பழுப்பு நிறம், பெண்ணுக்கு உள்ளதைப் போன்ற பளிச்சென்ற புள்ளியும் அதற்கு இல்லை. படத்தை நம்பிய நான், முதல் வாரம் பொறியின் பையில் விழுந்தவற்றை ஏதோ புல்லுப்பூச்சி என்று எண்ணி வரப்பில் கொட்டிவிட்டேன். பொறியில் சிக்கவே முடியாத பூச்சியின் படத்தைப் பொறியோடு தருவது என்ன நியாயம் என்று இன்னும் விளங்கவில்லை.

பொறியின் உடல் உறுதியானது. பாலித்தீன் பை அப்படியன்று. ஐப்பசி அடைமழையில் இரண்டு பைகள் நீர் கோத்துக் கிழிந்தன. மூடியின் மேல் கரிச்சான் வந்து உட்கார்ந்து பூச்சி பிடித்தது எதிர்பாராத ஆதாயம்.

கடைக்காரர்கள் என்னதான் சொன்னாலும், இது புழுவை ஒழிக்கும் கருவி அன்று. ஏக்கருக்கு இரண்டு பொறி வைத்தால் பூச்சியின் வரவை அறியலாம், அவ்வளவே. ஆனால் அந்த அறிவுக்கு மதிப்பு உண்டு. காரணம் புழு தின்னும் விதம். பெண் பூச்சி இலை நுனியருகே குவியலாக முட்டையிட்டு, தன் வயிற்று மயிராலேயே அதை மூடிவைக்கிறது. பொரித்து வரும் புழுக்களில் சில நூலிழையில் தொங்கிக் காற்றோடு பக்கத்துத் தூருக்குப் போகின்றன. பிறகு இலையுறைக்குள் நுழைந்து, தண்டைத் துளைத்து, உள்ளிருந்தே தின்கின்றன. தூர் கட்டும் பருவத்தில் நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வந்துவிடும். கதிர் வந்த பின் தாக்கினால் கதிர் முழுதும் வெளுத்துச் சாவியாக நிற்கும். தண்டுக்குள் போன புழுவை மேலே தெளிக்கும் மருந்து எளிதில் எட்டாது. ஆகவே காய்ந்த குருத்தைக் கண்ட பின் தெளிப்பானைத் தோளில் மாட்டுவது பெரும்பாலும் வீண் செலவே.

நான் செய்தது இதுதான்: பையில் ஆண் பூச்சிகள் கூடத் தொடங்கியதும் இலை நுனிகளில் முட்டைக்குவியல் தேடினேன். கண்ணில் பட்டவற்றைக் கிள்ளி அழித்துவிட்டு, ஏக்கருக்கு 2 சி.சி. (கன சென்டிமீட்டர்) முட்டை கணக்கில், பூச்சி முட்டைக்குள் வளரும் டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் என்ற சிறு குளவியின் ஒட்டுண்ணி அட்டைகளை ஒரு வார இடைவெளியில் இருமுறை கட்டினேன். அட்டையில் ஒட்டியிருப்பது அரிசி அந்துப்பூச்சியின் முட்டை என்பது வேடிக்கைதான். ஓர் அந்துவின் முட்டையில் வளர்ந்த குளவி மற்றோர் அந்துவின் முட்டையைத் தேடிப் போகிறது. கதிர் வந்தபோது வெண்கதிர் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தெரிந்தது. அதற்குப் பொறி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன்.

வாங்குவோர் பயிர் உயர உயரப் பொறியையும் உயர்த்திக் கட்ட வேண்டும். மருந்தை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். உடலை அடுத்த பருவத்துக்கும் வைத்துக்கொள்ளலாம் என்பதால், வரும் சம்பாவுக்கு மருந்தும் கெட்டியான பைகளும் மட்டுமே வாங்கப் போகிறேன்.