இடிஞ்ச மடத்தை இடிஞ்ச அழகோடவே ஹோட்டலாக்கியிருக்காங்க: போர்ச்சுகல் அமாரெஸ் போசாடா

போர்ச்சுகல் போறவங்க பெரும்பாலும் லிஸ்பன், போர்ட்டோ, அப்புறம் தெக்க அல்கார்வ் பீச்னு முடிச்சிட்டு வந்துடுறாங்க. வடக்க மின்யோன்னு பச்சைப்பசேல்னு ஒரு ஏரியா இருக்கு, அந்தப் பக்கம் போற நம்மாளுங்க ரொம்பக் கம்மி. அங்க ப்ராகா டவுன்ல இருந்து மலைப்பக்கமா கொஞ்ச நேரம் கார்ல போனா அமாரெஸ் பக்கத்துல சாண்டா மரியா டோ போரோன்னு ஒரு சின்ன ஊரு வரும், அந்த ஊர்ல இருந்த பழைய மொனாஸ்டரிதான் இப்ப போசாடா மொஸ்தெய்ரோ டி அமாரெஸ்னு ஹோட்டலா இருக்கு. இதுவரைக்கும் நான் தங்குன இடங்கள்லயே மனசுக்கு ரொம்பப் பிடிச்சது இதான், அதனால கொஞ்சம் விலாவரியாவே எழுதுறேன்.

மடம் ஆரம்பிச்சது 12ஆம் நூற்றாண்டுல. சிஸ்டெர்சியன்னு ஒரு கத்தோலிக்க சபைத் துறவிகளோடது. இப்ப நிக்கிற கட்டடத்துல பெரும்பகுதி அதுக்கு ரொம்பப் பின்னாடி, 17, 18ஆம் நூற்றாண்டுல எழுப்புனது. 1834ல போர்ச்சுகல் அரசாங்கம் ஆண் துறவிகளோட மடங்களை எல்லாம் மூடி சொத்தை எடுத்துக்கிச்சு, துறவிகள் வெளியேறிட்டாங்க, அதுக்கப்புறம் பாக்க ஆளில்லாம கூரை விழுந்து, செவுத்து மேலயே செடி கொடி முளைச்சு, 150 வருஷம் அப்படியே கிடந்திருக்கு. பக்கத்துல ஒட்டியிருக்குற சர்ச் மட்டும் ஊர்க்காரங்களோட பங்குக் கோவிலா இருக்கு.

1989ல இந்த இடிஞ்ச மடத்த ஹோட்டலாக்குற வேலைய எதுவார்தோ சோட்டோ டி மோரா கையில எடுத்தாரு, 1997ல ஹோட்டல் திறந்துச்சு. இவரு கட்டடக்கலைக்குத் தர்ற பெரிய சர்வதேசப் பரிசான ப்ரிட்ஸ்கர் பரிச 2011ல வாங்குன ஆர்க்கிடெக்ட், ப்ராகால கல்குவாரிய ஒட்டி ஒரு பக்கம் பாறையே செவுரா இருக்குற ஃபுட்பால் ஸ்டேடியம் இருக்கே, அதுவும் இவர் டிசைன்தான். இவர் இங்க பண்ணுனதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா, மடம் பழைய காலத்துல எப்படி இருந்துச்சோ அப்படியே திரும்பக் கட்டிக் காட்றேன்னு இறங்கல. விழுந்த ஓட்டுக் கூரைய மறுபடி போடல. தட்டையா சிலாப் போட்டு அது மேல மண்ணு கொட்டி புல்லு வளர விட்டுட்டாரு, அதனால வெளிய இருந்து பாத்தா இன்னமும் கூரையில்லாத இடிஞ்ச கட்டடம் மாதிரியேதான் தெரியுது. ஜன்னலுக்கும் அப்படித்தான், ஃப்ரேம் வெளிய தெரியாத மாதிரி கண்ணாடிய உள்ள தள்ளி வச்சிருக்காங்க, தூரத்துல இருந்து பாத்தா கருங்கல் செவுத்துல இருட்டா ஓட்டை ஓட்டையா இருக்கும், கண்ணாடி இருக்குன்னே கண்டுபிடிக்க முடியாது.

க்ளாய்ஸ்டர்னு சொல்ற நடுமுற்றம், துறவிகள் ஜெபம் பண்ணிட்டு சுத்தி வர்ற இடம், அதையும் மூடல. வளைவுத் தூணெல்லாம் மேல எதையும் தாங்காம வெறுமனே வானத்தைப் பாத்து நிக்குது. மழை பெஞ்சா நேரா உள்ள பெய்யும். ஆரஞ்சு மரம் வச்ச இன்னொரு முற்றமும் இருக்கு, அமாரெஸ் ஆரஞ்சுக்குப் பேர்போன ஊருங்கறதால அது அங்க இருக்கறது ரொம்பப் பொருத்தமாவும் இருக்கு.

என்கூட அப்பா வந்திருந்தாரு, பி.டபிள்யூ.டி.ல இருந்து ரிட்டயர் ஆனவரு. போனதும் ரூமுக்குக் கூட போகல, பெட்டிய ரிசப்ஷன்ல வச்சிட்டு நேரா செவுத்துக்கிட்ட போயி பழைய கல்லு எங்க முடியுது புது வேலை எங்க ஆரம்பிக்குதுன்னு கைய வச்சு தடவிப் பாத்துட்டே இருந்தாரு. "என்னப்பா அப்படிப் பாக்குறீங்க"ன்னேன். "இடிச்சிட்டுப் புதுசா கட்றது பெரிய வேலையே இல்லடா, விழப்போற செவுத்த நிறுத்தி அதுக்குள்ள தண்ணி லைனு கரண்டு எல்லாம் வெளிய தெரியாம இழுத்திருக்கான் பாரு, அதான் வேலை"ன்னாரு. சாயங்காலம் வரைக்கும் அதையே பேசிட்டு இருந்தாரு, எனக்கும் கேக்க அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு.

மொத்தம் 32 ரூம், பெரும்பாலும் துறவிகளோட அறைங்க இருந்த இடத்துலதான். அலங்காரம் ஒண்ணும் கிடையாது, வெள்ளைச் செவுரு, மரத்தரை, கட்டில், மேஜை, அவ்ளோதான். சிஸ்டெர்சியன்காரங்க ஆரம்பத்துல இருந்தே சிலை, வண்ணம், ஆடம்பரம் எல்லாத்தையும் குறைச்சுக்கிட்டு உழைப்பும் ஜெபமுமா இருக்கணும்னு சொன்ன சபை, அந்த எளிமை இந்த ரூம்ல அப்படியே இருக்கு. செவுரு அவ்ளோ தடிமன், கதவ சாத்துனா பக்கத்து ரூம்ல யாராவது இருக்காங்களான்னே தெரியல. ஃபைவ் ஸ்டார் ஹோட்டல்ல ரூம்குள்ள நுழைஞ்சதும் கண்ணுல படுற அந்தப் பளபளப்ப எதிர்பாத்துப் போகாதீங்க, இங்க அது வேண்டாம்னு முடிவு பண்ணித்தான் விட்டிருக்காங்க, அந்த முடிவு சரின்னுதான் நான் சொல்லுவேன்.

ரெஸ்டாரண்ட் மடத்தோட பழைய சமையல்கட்டுல இருக்கு. அண்ணாந்து பாத்தா கருங்கல்லுல பிரம்மாண்டமான ஒரு புகைக்கூண்டு மேல மேல குறுகிட்டே போகுது, ஒரு மடத்துக்கே ஒரே நேரத்துல சமைக்க எவ்ளோ பெரிய அடுப்பு எரிஞ்சிருக்கும்னு அதப் பாத்தாலே புரியும்.

சாப்பாட்டுல சைவக்காரங்க கவனமா இருக்கணும், இது ஹோட்டலுக்குன்னு இல்ல, மின்யோ பக்கம் எல்லா இடத்துக்குமே பொருந்தும். கால்டோ வெர்டேன்னு உருளைக்கிழங்கு கீரை சூப் இந்தப் பக்கத்துச் சாப்பாடு, பேரக் கேட்டு சைவம்னு நினைச்சுடாதீங்க, வழக்கமா ஒரு துண்டு சொரிசோ, அதாவது பன்னிக்கறி சாசேஜ் போட்டுத்தான் தருவாங்க, அது இல்லாம வேணும்னா முன்னாடியே கேளுங்க. அதே மாதிரி புடிம் அபாடே டி ப்ரிஷ்கோஷ், ப்ராகா பக்கத்துல இருந்த ஒரு பாதிரியார் பேர்ல வழங்குற புட்டிங், நிறைய முட்டை மஞ்சக்கரு, சர்க்கரை, போர்ட் வைன், கூடவே பன்னிக் கொழுப்பும் சேக்குறாங்க. பாத்தா சாதாரண கேரமல் புட்டிங் மாதிரிதான் இருக்கும், அதனாலதான் சொல்றேன். சாப்பிடுறவங்க கண்டிப்பா சாப்பிட்டுப் பாருங்க, வாயில வச்சதும் கரைஞ்சிடும். மக்காச்சோள மாவுல பண்ற ப்ரோவா ரொட்டியும், லோரெய்ரோ திராட்சையில வர்ற இந்த ஏரியா வின்யோ வெர்டே வைனும் ரொம்ப நல்லாருக்கும்.

போசாடாங்கறது 1942ல போர்ச்சுகல் அரசாங்கம் ஆரம்பிச்ச தங்கும் விடுதித் திட்டம், கோட்டை, மடம்னு நிறைய பழைய கட்டடங்கள் பிற்பாடு இதுக்குள்ள வந்துச்சு, 2003ல இருந்து பெஸ்தானா குரூப் நடத்துறாங்க. சீசனுக்கு சீசன் வாடகை நல்லாவே மாறும், கோடை லீவு நேரத்த விட்டுட்டுத் தேடுனா கைக்கு அடங்குற மாதிரி கிடைக்கலாம். மின்யோல குளிர்காலத்துல மழை கொட்டும், முற்றத்துல உக்காரணும்னு ஆசைப்படுறவங்க மே, ஜூன் இல்லன்னா செப்டம்பர் பாருங்க.

கார் இல்லாம போறது கஷ்டம். போர்ட்டோல இருந்து ப்ராகாவுக்கு ட்ரெயின் இருக்கு, சுமார் ஒரு மணி நேரம், ஆனா அங்க இருந்து மேல சொந்தமா வண்டி இருந்தாத்தான் நிம்மதி, அதுலயும் ஜெரேஸ் பக்கம் சுத்தணும்னா கண்டிப்பா வேணும். பெனேடா-ஜெரேஸ்தான் போர்ச்சுகல்ல இருக்குற ஒரே நேஷனல் பார்க், 1971ல அறிவிச்சது, அருவி, ஏரி, காட்டுக்குள்ள நடக்குற பாதைன்னு ஒரு நாள் பூரா போகும். நடக்க முடியாதவங்கள கூட்டிட்டுப் போனா மலைப்பாதையில கொஞ்ச தூரத்துல நோசா சென்யோரா டா அபாடியா மாதா கோவில் இருக்கு, மரத்தடி நிழலும் தண்ணியுமா நல்லாருக்கும், அங்க கூட்டிட்டுப் போங்க. ரோடு வளைஞ்சு வளைஞ்சு போகும், சில இடத்துல எதிர்ல வண்டி வந்தா ஒதுங்கி நின்னுதான் வழி விடணும், அதனால இருட்டுறதுக்குள்ள ஹோட்டலுக்குத் திரும்பிடுற மாதிரி ப்ளான் போட்டுக்கோங்க.