புது காரை பாலிஷுக்கு விடும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஆயுத பூஜை நெருங்குகிறது. கோவைப் பக்கம் நிறையப் பேர் புது கார் டெலிவரி எடுக்கப்போகிறீர்கள். அதனால்தான் இப்போதே எழுதிவிடுகிறேன். போன வருடம் இதே சமயத்தில் நான் எடுத்த காரின் பெயின்ட்டை, பாதுகாக்கிறோம் என்று காசு வாங்கிக்கொண்டு ஒரு கடையில் தேய்த்து எடுத்துவிட்டார்கள். கொடுத்த காசில் பாதி திரும்பி வந்தது. பெயின்ட் வராது.

நான் சின்னதாக ஒரு கிரைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். 19 வருடம் ஆகிறது. பெரும்பாலும் பம்ப் ஷாஃப்ட் வேலை. எங்களுக்கு எல்லாமே மைக்ரான் கணக்குதான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அளவுக்கு மேல் 10 மைக்ரான் எடுத்துவிட்டால் அந்த ஜாப் ஸ்கிராப். எடுத்ததை மறுபடி ஒட்டவைக்க முடியாது. கார் பெயின்ட்டும் அச்சு அசலாக அதே கணக்கில்தான் இருக்கிறது என்பது வண்டியைக் கடையில் விடும்போது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

வண்டி கருநீலம். எங்கள் வீட்டில் இதுதான் முதல் புது வண்டி, இதற்கு முன் ஓட்டியதெல்லாம் பழைய வண்டிகள். டெலிவரி எடுத்த கையோடு ஈச்சனாரி பிள்ளையார் கோவிலுக்குப் போய் பூஜை போட்டோம். பானெட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும், காய்ந்துபோன சந்தனத்தை மாமா தோளில் கிடந்த துண்டாலேயே அழுத்தித் துடைத்துவிட்டார். பாசத்தில் செய்ததுதான். காய்ந்த சந்தனத்தோடு வழியில் படிந்த தூசியும் சேர்ந்து நான்கைந்து மெல்லிய கீறல்கள் விழுந்துவிட்டன. நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்படாது. வெயிலில் பார்த்தால் மட்டும் தெரியும்.

அந்தக் கீறல்களுக்காகத்தான் கடை தேடினேன். ஷோரூமில் 'டெஃப்லான் கோட்டிங்' என்று 28,000 ரூபாய் சொன்னார்கள், வேண்டாம் என்றேன். அந்த ஒரு விஷயத்தில் தப்பித்தேன். தோசைக்கல்லில் இருக்கும் டெஃப்லான் 327 டிகிரி செல்சியஸில்தான் உருகும். கல்லில் அதைப் பிடிக்கவைப்பதே அதைவிட அதிகச் சூட்டில் வேகவைத்துத்தான். கார் மேல் துணியில் தொட்டுத் தேய்த்து எப்படிப் பிடிக்கும்?

வெளியே, காருக்குப் பாலிஷும் கோட்டிங்கும் போடும் ஒரு டீட்டெய்லிங் கடையில் 16,000 ரூபாய்க்குப் பேசி முடித்தேன். நான் கேட்டது இவ்வளவுதான்: பானெட்டில் இருக்கும் கீறலுக்கு மட்டும் கையால் பாலிஷ், வண்டி முழுக்க சீலன்ட் (பெயின்ட்டைக் காக்கும் செயற்கைப் பூச்சு), அதன் மேல் வேக்ஸ் (மெழுகு). பேடைச் சுற்றித் தேய்க்கும் பாலிஷ் மெஷின் வைக்கக்கூடாது. இதை வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்பினேன். கடைக்காரர் நேரில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "மெஷினே தொடமாட்டோமுங்கண்ணா. புது வண்டி, பூ மாதிரி பண்ணிக் குடுத்தர்றோம்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் விட்டேன். இரண்டு நாள் ஆகும் என்றவர்கள், சனிக்கிழமை மத்தியானமே "ரெடிங்கண்ணா" என்று போன் செய்தார்கள். அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சீலன்ட் போட்டால் ஒரு ராத்திரியாவது சும்மா விட்டு, அப்புறம்தான் வேக்ஸ் போடவேண்டும். கையால் செய்கிற வேலை அந்த நேரத்தில் முடியாது. இரவு ஏழு மணிக்கு, வரிசையாக எல்ஈடி எரியும் கொட்டகையில் வண்டியைக் காட்டினார்கள். கதவில் என் மகள் தன் முகத்தைப் பார்த்துத் தலையைச் சரிசெய்துகொண்டாள். அவ்வளவு பளபளப்பு. சந்தோஷமாகக் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்று வாரம், மூன்று வாஷ். நான்காவது ஞாயிறு காலை ஏழரை மணி வாக்கில் வாசலில் நிறுத்திக் கழுவிக்கொண்டிருந்தேன். வெயில் சாய்வாக பானெட் மேல் விழுந்தது. சிமென்ட் தரையை ஈரத் துணியால் துடைத்தால் வளைந்து வளைந்து ஒரு தடம் நிற்குமே, அந்த மாதிரி பட்டை பட்டையாகத் தெரிந்தது. நான் தலையை நகர்த்தினால் அதுவும் கூடவே நகர்ந்தது. அதற்கு அடியில் சூரியனைச் சுற்றிச் சிலந்தி வலை போல ஆயிரக்கணக்கான நுண்ணிய கீறல்கள். மாமாவின் துண்டு போட்டது நான்கைந்து. இது வண்டி முழுக்க.

ஷாம்பு நுரையைக்கூடக் கழுவாமல் ஒவ்வொரு இடமாகக் குனிந்து பார்த்தேன். பின்பக்கம் மாடல் பெயர் எழுத்துகளின் இடுக்கில் வெள்ளையாக மாவு காய்ந்திருந்தது. வைப்பருக்குக் கீழே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக்கில் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள், எல்லாம் ஒரே பக்கமாகத் தெறித்திருந்தன. கையால் தேய்த்தால் தெறிக்காது. சுற்றுகிற பேட்தான் அப்படித் தெறிக்கும். கிரைண்டிங் வீலில் கூலன்ட் தெறிப்பதை தினமும் பார்ப்பவனுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பழைய கார் வாங்குவோருக்காக வண்டி பார்த்துச் சொல்லும் நண்பர் ஒருவர் இருக்கிறார். பெயின்ட் தடிமன் அளக்கும் மீட்டருடன் வந்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருவி, பெயின்ட் மேல் வைத்தால் மைக்ரானில் எண் காட்டும். தகட்டின் மேல்தான் அளக்கும், பிளாஸ்டிக் பம்பரில் அளக்காது. கூரையில் 115, 112 என்று காட்டியது. பானெட் நடுவில் 103. பானெட்டில் நீளவாக்கில் ஒரு மடிப்புக் கோடு ஓடும், அதன் முதுகில் 74. நண்பரின் தம்பியிடம் இதே மாடல், இதே நிறம் இருந்தது. அந்த வண்டியில் அதே மடிப்பில் 101. இரண்டு வண்டிக்கு இடையே பத்துப் பதினைந்து மைக்ரான் வித்தியாசம் கம்பெனியிலேயே இருக்கலாம், விளிம்புகளில் கொஞ்சம் மெலிந்தும் இருக்கும். ஆனால் என் வண்டியில் மெலிந்திருந்த இடமும் பட்டைத் தடம் ஓடிய இடமும் ஒன்றேதான்.

இது ஏன் பெரிய விஷயம் என்று சொல்கிறேன். ஒரு ஏ4 தாளின் தடிமன் சுமார் 100 மைக்ரான். காரின் மேல் இருக்கும் பிரைமர், கலர், கிளியர் கோட் எல்லாம் சேர்ந்தே ஏறக்குறைய அந்த ஒரு தாள் கனம்தான். அதில் வெயிலைத் தாங்குவது மேலே நிறமில்லாமல் இருக்கும் கிளியர் கோட். அது பெரும்பாலும் 35-லிருந்து 50 மைக்ரான். பாலிஷ் என்றால் எதையோ பூசுவது என்று நாம் நினைக்கிறோம். இல்லை. பாலிஷ் என்பது கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சீவி எடுப்பது. பூசுவது சீலன்டும் வேக்ஸும்தான். தெரிந்தவர் மென்மையான பேட் வைத்துச் செய்தால் ஒன்றிரண்டு மைக்ரான்தான் போகும். கம்பளி பேடில் காம்பவுண்டை (பெயின்ட்டைத் தேய்த்தெடுக்கும் கரகரப்பான பசை) தடவி வேகமாகச் சுற்றினால், அதுவும் மடிப்பிலும் விளிம்பிலும் அழுத்தினால், பத்து இருபது என்று போய்விடும். நம் ஊர் வெயிலில் கிளியர் கோட் மெலிந்த இடம்தான் முதலில் வெளுக்கும், அப்புறம் உரியும்.

சரி, முதல் மூன்று வாரம் ஏன் கீறலே தெரியவில்லை? ஐசோபுரோபைல் ஆல்கஹாலையும் டிஸ்டில்டு வாட்டரையும் சரிபாதி கலந்து, பானெட்டில் ஒரு சாண் இடத்தை மட்டும் துடைத்துக் காட்டினார் நண்பர். துடைத்த இடத்தில் கீறல்கள் இரண்டு மடங்கு தெளிவாக எழுந்துவந்தன. கீறல்களை அடைத்து மறைக்கும் எண்ணெய்ப் பசையுள்ள கிளேஸைத் தடவியிருக்கிறார்கள். சுவரில் வெடிப்பை மூடச் சுண்ணாம்பு அடிப்பது மாதிரி. ஷாம்பு பட்டுப் பட்டு அது கரைந்துவிட்டது. தண்ணீர் ஊற்றினாலும் முத்து முத்தாக நிற்கவில்லை, தகடு போலப் பரந்து கிடந்தது. ஒரு வருடம் தாங்கும் என்று சொன்ன சீலன்ட் அங்கே இருந்ததற்கு எந்த அடையாளமும் இல்லை.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். "புது வண்டி எல்லாமே கம்பெனில இருந்து இப்படித்தான் வருமுங்கண்ணா" என்றார். டெலிவரி அன்று எடுத்த போட்டோவைக் காட்டினேன். "அப்ப உங்க போர் தண்ணிதானுங்க பிரச்சினை." போர் தண்ணீர் உப்புக் கறை விடும், உண்மைதான். வட்ட வட்டமாகக் கீறல் போடாது. கடைசியில், "விடுங்கண்ணா, ஃப்ரீயா இன்னொருக்கா மெஷின் போட்டு எடுத்துக் குடுத்தர்றோம்" என்றார். மெஷினே தொடமாட்டோம் என்ற வாயால், இன்னொரு தடவை மெஷின் போடுகிறோம் என்கிறார். அதைவிட முக்கியம், இந்த இடத்தில் யாரும் சரி என்று தலையாட்டிவிடாதீர்கள். ஏற்கெனவே மெலிந்த இடத்தில் இன்னொரு சுற்று ஓட்டினால் கீறல் மறையும், மிச்சம் இருப்பதும் போய்விடும்.

அவர்கள் எனக்குக் கொடுத்திருந்தது ஜிஎஸ்டி எண் கூட இல்லாத ஒரு எஸ்டிமேட் சீட்டு, 'கோட்டிங் - 16,000' என்று மட்டும். என்னிடம் இருந்த உருப்படியான ஆதாரம் 'மெஷின் வைக்கக்கூடாது' என்று அனுப்பிய வாட்ஸ்அப்பும், அதற்கு அவர்கள் போட்ட 'ஓகே சார்' என்ற பதிலும்தான். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். அதன் பிறகு அளவுகள், போட்டோக்கள், பணம் அனுப்பிய விவரம் எல்லாவற்றையும் இணைத்து, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்று பதிவுத் தபால் அனுப்பினேன். 5 லட்ச ரூபாய்க்குள் உள்ள வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். தபால் கிடைத்த வாரத்தில் 8,000 ரூபாயைத் திருப்பி அனுப்பினார்கள். பட்டறையை விட்டுவிட்டு அலைய முடியாமல் அதோடு நிறுத்திக்கொண்டேன். அந்த முடிவில் எனக்கு இன்னும் திருப்தி இல்லை.

புது காருக்கு உண்மையில் என்ன தேவை என்று இப்போது செய்து பார்த்தே சொல்கிறேன். கம்பெனி பெயின்ட் சுமார் 140 டிகிரி அடுப்பில் வெந்து வருவது, அதனால் மாதக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. (தட்டி வாங்கி வெளியே பெயின்ட் அடித்த கதவு, பம்பர் என்றால் கதை வேறு. அது காயச் சில வாரமாவது விடவேண்டும்.) முதலில் நிழலில் நிறுத்தி நல்ல ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். இரண்டு பக்கெட் வையுங்கள், ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் துணியை அலசச் சாதாரணத் தண்ணீர். பாத்திரம் கழுவும் லிக்விட் வேண்டாம், போட்ட வேக்ஸை அது அரித்துவிடும். கழுவித் துடைத்ததும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவருக்குள் கையை விட்டு பானெட் மேல் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு விரலில் தட்டும். யார்டில் நின்றபோது படிந்த இரும்புத் தூள், தார் எல்லாம் அது. அந்த இடத்தில் வழுக்கலுக்கு லூப்ரிகன்ட் அடித்து, கிளே பாரை (களிமண் போல மெதுவான ஒரு கட்டி) அழுத்தாமல் வழுக்கவிட்டால் எடுத்துவிடும். கீழே விழுந்த கிளேயை மறுபடி வண்டியில் வைக்காதீர்கள்.

அடுத்து சீலன்ட். வேக்ஸ் மேல் போட்டால் அது பெயின்ட்டைப் பிடிக்காது, அதனால் எப்போதும் இதுதான் முதலில். ஸ்பாஞ்சில் ஒரு ரூபாய் நாணயம் அளவு எடுத்து, ஒரு நேரத்துக்கு அரைக் கதவு அளவு மட்டும். வட்டமாகத் தேய்க்காமல் நீளவாக்கில் நேர்கோடாக இழுங்கள். கண்ணாடியில் மூச்சு விட்டால் படிகிற பனி அளவு இருந்தால் போதும். இங்கேதான் பலரும் தப்பு செய்வது, கெட்டியாகப் பூசினால் நிறைய நாள் நிற்கும் என்று நினைப்பார்கள். கெட்டியாகப் பூசியது துடைக்க வராது, அழுத்தித் துடைத்தால் அதுவே கீறல். காய்ந்ததா என்று பார்க்க விரலால் ஒரு இழு இழுங்கள். பிசுபிசுப்பில்லாமல் சுத்தமாகக் கோடு விழுந்தால் எடுக்கலாம். சுத்தமான மைக்ரோஃபைபர் துணியை நான்காக மடித்து, பக்கம் மாற்றி மாற்றித் துடைத்தெடுத்து, அன்றிரவு அப்படியே விடுங்கள். மறுநாள் கர்னாபா வேக்ஸ், அதே கை, அதே மெல்லிய பூச்சு. பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் ஓலையிலிருந்து எடுக்கும் மெழுகு அது. நம் வெயிலில் ஒன்றிரண்டு மாதம்தான் தாங்கும், சீலன்ட் நான்கைந்து மாதம் வரும்.

எல்லாப் பொருளும் சேர்த்து எனக்கு 3,800 ரூபாய் ஆனது. இரண்டு ஞாயிறு காலை. மகள் துணி மடித்துக் கொடுத்தாள், மாமா பக்கெட்டில் தண்ணீர் பிடித்தார். துண்டை அவரே வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்தார்.

பானெட் மடிப்பில் மட்டும் மாதம் ஒரு முறை கூடுதலாக ஒரு கை வேக்ஸ் போடுகிறேன், வெயிலில் நிறுத்தினால் அந்தப் பக்கம் துணி போர்த்துகிறேன். இந்த வருடம் சொந்தமாக ஒரு மீட்டரும் வாங்கிவிட்டேன். தெரிந்தவர்கள் யாராவது புது வண்டி எடுத்தால், வெளியே எங்கேயாவது விடுவதற்கு முன் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். பானெட், கூரை, நான்கு கதவு, டிக்கி என்று அளந்து, தாளில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். பத்து நிமிட வேலைதான்.